முள் சொல்லும் சேதி

டாக்டருக்கு ரத்த அழுத்தம் எப்படியோ, மெக்கானிக்குக் கம்ப்ரெஷன் அப்படி. பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்றைக் கசியவிடாமல் எவ்வளவு இறுக்குகிறது என்ற கணக்கு.

அப்பா விட்டுப்போன புல்லட் 350-க்கு ரீபோர் செய்து, புது பிஸ்டன், ரிங் போட்டோம். கிக்கரில் பழைய முறுக்கு இல்லை. ‘மறுபடி பிரிச்சுடுங்க’ என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ‘பேசாம எடைக்குப் போட்டுடலாம்ணா’ என்றான் தம்பி.

மெக்கானிக் அசரவில்லை. என்ஜினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜை முறுக்கினார். ‘ஆக்ஸிலேட்டரை முழுசா திருகிப் பிடிங்க சார். காத்து தாராளமாப் போகணும்.’ முள் இனி ஏறாது என்கிறவரை உதைத்தார். குறைவாகத்தான் நின்றது.

அப்புறம் உள்ளே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு உதைத்தார். முள் ஜம்மென்று ஏறியது! ஆயில், ரிங்கைச் சுற்றியுள்ள இடுக்கை அடைக்கும். வால்வு கசிந்தால் அதை அடைக்காது. ஆக, வால்வு சுத்தம்; கசிவு ரிங்கில்.

‘புது ரிங் சார். சுவரோட உரசிப் படியணும். ஒரே வேகத்துல போகாம, ஏத்தி இறக்கி ஓட்டுங்க. இப்பவே பிரிச்சா மறுபடி முதல்லேர்ந்து.’

ஐந்நூறு கிலோமீட்டர் கழித்து அளந்தோம். ஆயில் இல்லாமலே முள் மேலே போய் நின்றது. எடைக்குப் போடச் சொன்னவன், ஞாயிறானால் சாவி கேட்கிறான்.