பதிவேட்டில் காணப்படாத பெயர்

தியானப் பகுதி: எஸ்றா 2:61–63, மத்தேயு 1:1–17



அண்மைக் காலமாக நம் சபையார் சிலர், குறிப்பாக வாலிபர், தங்கள் முன்னோர் யார், எவ்வூரிலிருந்து வந்தனர், எந்தத் தலைமுறையில் ஆண்டவரை அறிந்தனர் என்று தேடத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய பதிவேடுகளைப் படித்துச் சொல்லும்படி என்னிடமும் வருகிறார்கள். தேடல் நல்லதே. ஆயினும் மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறைக்கு அப்பால் ஏறத்தாழ எல்லாரும் ஒரு வெற்றிடத்தின்முன் வந்து நிற்கிறார்கள். அந்த வெற்றிடத்தை என்ன செய்வது என்பதை இவ்வாரம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

என் குடும்பத்திலும் அது உண்டு. என் பாட்டனாரின் தகப்பனார் 1879-ஆம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்றவர். பதிவேட்டில் அவருடைய புதிய பெயர் இருக்கிறது. வயது ஏறத்தாழ ஏழு என்றிருக்கிறது. தகப்பன் பெயருக்குரிய கட்டமும் தாயின் பெயருக்குரிய கட்டமும் வெறுமையாய் இருக்கின்றன. அதற்கு முந்திய ஆண்டுகளை நினைத்துப்பார்த்தால் காரணத்தை ஊகிக்கலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. நெசவாளரும் உழவுக் கூலிகளும் பிழைப்பிழந்து ஊர் ஊராய் அலைந்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளை மிஷன்கள் பல இடங்களில் ஏற்று வளர்த்தன. எங்கள் குடும்பத்தில் வழிவழியாய்ச் சொல்லப்படுவதும் ஒரே சொற்றொடர்தான்: "பஞ்சத்தில் வந்த பிள்ளை."

நாம் வாழும் காஞ்சிபுரத்தில் கல்லில் பொறித்த வம்சவரலாறு ஒன்று உண்டு. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எடுப்பித்த வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்றுச்சுவரில் பல்லவ அரசரின் தலைமுறைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அந்த அரச மரபிலும் ஓர் அறுபடுதல் நேர்ந்தது. இரண்டாம் பரமேசுவரவர்மனுக்குப்பின் நேர்வாரிசு இல்லாமற்போகவே, கிளை மரபிலிருந்து சிறுவனாகிய நந்திவர்மனைத் தெரிந்தெடுத்து அரியணையேற்றினார்கள். அச்செய்தியும் அதே சுவரில் காட்டப்பட்டிருக்கிறது. அரசனுடைய வரலாற்றைச் செதுக்கச் சிற்பிகள் இருந்தார்கள். அதே நகரில் தறிக்குழியில் அமர்ந்து நெய்தவனுடைய தகப்பன் பெயரை எழுத ஒருவரும் இல்லை.

எழுதப்பட்ட இடத்திலும் தடைகள் பல. நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கிறது. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்பதாலேயே 'பெயரன்' என்கிறோம்; ஆகவே ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வந்து, யார் எவர் என்று மயங்கவைக்கிறது. ஞானஸ்நானத்தில் பெயர் மாறியபோது பழைய பெயரைக் குறித்துவைக்காதவர்களும் இருந்தார்கள்.

கடல் கடந்தவர்களின் நிலை இன்னும் கடினம். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து சென்றோர் ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்டோர். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்களே அவர்களில் மிகுதி. கப்பற்பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவை எழுதப்பட்டன. எழுதியவரின் செவிக்கு எட்டியபடி ஆங்கில எழுத்தில் பதிந்ததால் பல ஊர்ப்பெயர்கள் இன்று அடையாளம் தெரியவில்லை. அப்பட்டியல்களில் சாதிக்குரிய கட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்று மட்டும் எழுதப்பட்டவர்களும் உண்டு.

பிரியமானவர்களே, வெற்றிடத்தைக் கண்டவுடன் அதை நிரப்பிவிட மனம் துடிக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒரு திருமணப் பேச்சு நடந்தபோது உறவினர் ஒருவர், "அந்தக் கட்டத்தில் நல்ல குலம் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?" என்றார். நான் இசையவில்லை. பசியால் மாண்ட ஒரு தகப்பனின் இடத்தில், வாழாத ஒருவரைக் கொண்டுவந்து அமர்த்த எனக்கு உரிமை இல்லை. சபைக்குள்ளும் சாதி பார்த்துப் பெண் கொடுக்கும் வழக்கம் இன்னும் நம்மைவிட்டு நீங்கவில்லை என்பதை நீங்களும் நானும் அறிவோம். வம்சத்தேடல் அதற்குத் துணைபோகுமானால், அப்போஸ்தலன் பவுல் தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதி விலக்கிய வீண் வம்சவரலாறுகளில் அதுவும் ஒன்று. தம் கோத்திரத்தைத் திட்டமாய் அறிந்திருந்த அவரே அதைக் கிறிஸ்துவுக்காக நஷ்டமென்று எண்ணினார்.

எஸ்றாவின் புஸ்தகத்தில் சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஆசாரியக் குடும்பங்கள் சில தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணவில்லை. அதனால் அவர்கள் ஆசாரிய ஊழியத்திற்குப் புறம்பாக்கப்பட்டார்கள். அவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அது வேதனையான காரியம். ஆனாலும் திரும்பி வந்த ஜனத்தின் கணக்கில் அவர்களும் எழுதப்பட்டிருக்கிறார்கள். அட்டவணை இல்லாதவர்களின் பெயரையும் வேதம் விட்டுவிடவில்லை.

மத்தேயுவின் முதல் அதிகாரத்தையும் கவனியுங்கள். யோராமுக்கும் உசியாவுக்கும் இடையில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்னும் மூன்று ராஜாக்கள் சொல்லப்படவில்லை. ஆனால் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகியோர் அங்கே இருக்கிறார்கள். மறைக்க நினைக்கக்கூடிய பெயர்கள் நிற்கின்றன. பெருமையாய்ச் சொல்லத்தக்க ராஜாக்கள் இல்லை. நம் ஆண்டவருடைய வம்சவரலாறே இப்படியிருக்க, நம்முடையதில் உள்ள இடைவெளிக்காக நாம் வெட்கப்படவேண்டியதில்லை.

நம் நெசவாளர் உடலுக்கு ஒரு நிறமும் முந்தானைக்கு வேறு நிறமும் வைத்து நெய்யும்போது, ஒரு பாவின் இழைகளோடு மற்றப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாய் இணைக்கிறார்கள். இணைத்த இடம் சேலையில் கோடாய்த் தெரியும். அது குறையன்று, கையால் நெய்ததற்கு அடையாளம். நம் குடும்ப வரலாற்றிலும் தெரியாத இடம் தெரியாததாகவே தெரியட்டும்.

எனவே தேடுங்கள். வீட்டில் எண்பது வயதைக் கடந்தவர்கள் இருந்தால் இவ்வாரமே அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். குடும்ப வேதாகமத்தின் முதல் தாள்களையும் கல்லறைக் கற்களையும் பாருங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டோடு நில்லாமல் திருமண, அடக்கப் பதிவேடுகளையும் ஒப்பிடுங்கள். சாட்சிகளாய்க் கையெழுத்திட்டவர்கள் பெரும்பாலும் உறவினராய் இருப்பார்கள். சான்று உள்ளதைச் சான்றென்றும், கேள்விப்பட்டதைக் கேள்வியென்றும் பிரித்தெழுதுங்கள். ஒன்றும் கிடைக்காவிடில் அந்தக் கட்டத்தை வெறுமையாய் விட்டு, அதற்காக ஜெபியுங்கள்.

என் பிள்ளைகளுக்காக நான் எழுதிவைத்திருக்கும் குடும்ப அட்டவணையில், அந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு மேலே இரண்டு வெறுங்கட்டங்கள் இருக்கின்றன. அவர்களுடைய பெயரைத் தேவன் அறிவார்.

பிதாவே, எங்களுக்குமுன் பெயரின்றி வாழ்ந்து, பெயரின்றி மடிந்தவர்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். பொய்யான மேன்மையைத் தேடாமல், உம்முடைய பிள்ளைகள் என்னும் பெயரில் நிலைத்திருக்க எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.