பழகிய கையும் புதிய மட்டையும்

பிக்கிள்பால் களத்துக்குப் புதிதாக வந்து சேர்பவர்களில் கணிசமானோர் விளையாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். டென்னிஸ், பேட்மிண்டன், டேபிள் டென்னிஸ், ஸ்குவாஷ் என்று ஏதேனும் ஒரு மட்டையாட்டத்தில் பல்லாண்டுகள் கை பழகியவர்கள். முதல் நாளிலேயே பந்தைப் பிசகாமல் வலைக்கு அப்பால் அனுப்பிவிடும் இவர்கள், தம்மைப் போலவே புதிதாக வந்த மற்றவர்களை வெகு விரைவில் வென்றும்விடுகிறார்கள். அதன் பிறகு, இளமையில் எந்த மட்டையையும் தொட்டறியாத, ஆனால் இந்த ஓர் ஆட்டத்தை மட்டும் சில ஆண்டுகளாகப் பொறுமையுடன் ஆடிவருகிற, தலை நரைத்த ஓர் இணையிடம் ஏன் தோற்கிறோம் என்றே விளங்காமல் தோற்கிறார்கள். அந்தத் தோல்வியைத் திறமைக் குறைவு என்று சொல்வதற்கில்லை. எந்தக் களத்துக்காக, எந்தப் பந்துக்காக அந்தத் திறமை வளர்க்கப்பட்டதோ அந்த அளவுகள் இங்கே மாறிவிட்டன என்பதையும், மாறிய அளவுகள் உடலுக்குத் தெரியவர மூளைக்குத் தெரியவருவதைவிட நெடுங்காலம் ஆகிறது என்பதையும் அந்தத் தோல்வி காட்டுகிறது.

அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில், வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில், 1965-ஆம் ஆண்டுக் கோடையில், பின்னாளில் அந்நாட்டு மக்கள் சபை உறுப்பினரான ஜோயல் பிரிட்சர்டும் அவருடைய நண்பர்களான பில் பெல், பார்னி மெக்கல்லம் ஆகியோரும் ஒரு பழைய பேட்மிண்டன் களத்தில், கைக்குக் கிடைத்த டேபிள் டென்னிஸ் மட்டைகளையும் துளைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் பந்தையும் வைத்து உருவாக்கிய ஆட்டம் இது. முதலில் வலை பேட்மிண்டனுக்குரிய ஐந்தடி உயரத்திலேயே இருந்தது. தார்த்தளத்தில் பந்து நன்றாகவே எழும்புகிறது என்று கண்ட பிறகு அதை மூன்றடிக்கு, அதாவது ஏறக்குறைய டென்னிஸ் வலையின் உயரத்துக்கு, இறக்கினார்கள். களம் ஓர் ஆட்டத்திலிருந்தும், மட்டை இன்னோர் ஆட்டத்திலிருந்தும், வலை மூன்றாவது ஆட்டத்தை ஒட்டியும் அமைந்துவிட்டதால், எந்த மட்டையாட்டக்காரர் உள்ளே வந்தாலும் ஏதோ ஒன்று அவருக்குச் சொந்த வீட்டுப் பொருளாகத் தோன்றும்; அவரை முதலில் ஏமாற்றுவதும் அதுதான்.

இன்றைய களம் 44 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்டது; பேட்மிண்டன் இரட்டையர் களத்தின் அளவும் இதுவே; டென்னிஸ் களமோ 78 அடி நீளம். வலையின் உயரம் ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். பந்தின் எடை 22 முதல் 26.5 கிராம் வரை இருக்கலாம். அது டென்னிஸ் பந்தின் எடையில் பாதியைக்கூட எட்டாது. பந்தில் 26 முதல் 40 துளைகள் வரை இருக்கும். லேசான, துளையிட்ட பந்து என்பதால் எவ்வளவு வலுவாக அடித்தாலும் காற்று அதன் வேகத்தைச் சீக்கிரமே குறைத்துவிடுகிறது. டென்னிஸ் பந்தை 100 அங்குல உயரத்திலிருந்து விட்டால் அது 53 முதல் 58 அங்குலம் வரை எழ வேண்டும் என்பது விதி. பிக்கிள்பால் பந்து 78 அங்குலத்திலிருந்து விடப்பட்டால் 30 முதல் 34 அங்குலம்தான் எழ வேண்டும். முன்னது விழுந்த உயரத்தில் பாதிக்கு மேல் மீண்டெழ, பின்னது நாற்பது விழுக்காட்டை ஒட்டியே நின்றுவிடுகிறது. அதனால், இடுப்பு உயரத்தில் பந்து தம்மைத் தேடி வரும் என்று காத்திருந்து பழகிய டென்னிஸ்காரரின் முழங்காலுக்குக் கீழேயே அது அடங்கிவிடுகிறது. மட்டைக்கும் நரம்பு கிடையாது. தேனடை போன்ற அறைகள் கொண்ட பிளாஸ்டிக் உட்புறத்தின் மேல் கார்பன் இழை ஒட்டிய பலகை அது. பந்தை ஒரு கணம் உள்வாங்கிப் பிடித்து எறியும் நரம்பின் நெகிழ்வு அதனிடம் இல்லை.

அளவுகளைவிடப் பெரிய மாற்றம் விதிகளில் இருக்கிறது. வலையின் இருபுறமும் ஏழடி ஆழத்துக்கு, ஆட்டக்காரர்கள் கிச்சன் என்று அழைக்கும் ஒரு பகுதி உண்டு. அதற்குள் நின்றோ அதன் கோட்டை மிதித்தோ பந்தைத் தரையில் படுமுன் அடிக்கக் கூடாது, வெளியே நின்று அப்படி அடித்த பிறகு அந்த வேகத்தில் உள்ளே கால் வைத்தாலும் தவறு. பந்து தரையில் பட்ட பின் உள்ளே சென்று எடுத்து அடிக்கத் தடையில்லை. கணக்கிட்டுப் பார்த்தால் 880 சதுர அடிக் களத்தில் 280 சதுர அடி, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. அதுவும் டென்னிஸ் இரட்டையர் ஆட்டத்தில் வலுவான ஒருவர் ஓடிச் சென்று ஆட்டத்தை முடித்துவைக்கும் இடமே அதுதான். இன்னொரு விதி, சர்வ் செய்யப்பட்ட பந்தை எதிரணியும், அவர்கள் திருப்பியனுப்பும் பந்தைச் சர்வ் செய்த அணியும் ஒருமுறை தரையில் படவிட்டே அடிக்க வேண்டும் என்கிறது. சர்வையும் வழக்கமாக இடுப்புக்குக் கீழே, கீழிருந்து மேலாகவே வீச வேண்டும் என்பதால், தோளுக்கு மேல் எழும் டென்னிஸ் சர்வுக்காகச் செலவிட்ட ஆண்டுகள் அத்தனையும் இங்கே பயனற்றுப்போகின்றன.

கிச்சன் விதியும் ஒருமுறை தரையில் படவிடும் விதியும் சேர்ந்து, இந்த ஆட்டத்தின் மையமான ஒரு சிக்கலை உண்டாக்குகின்றன. சர்வைத் திருப்பியனுப்பும் அணி உடனே கிச்சன் கோட்டுக்கு முன்னேறிவிடலாம். சர்வ் செய்த அணியோ பந்து தரையில் படும்வரை பின்கோட்டருகே காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆக, மூன்றாவது அடியை அடிக்க வேண்டியவர், ஏற்கெனவே முன்னால் வந்து மட்டையை உயர்த்தி நிற்கும் இருவரைப் பார்த்தபடி, வலைக்கு 22 அடி பின்னாலிருந்து அடிக்கிறார். டென்னிஸில் வளர்ந்தவர் இந்த இடத்தில் தம் ஃபோர்ஹேண்டை நம்பி ஓங்கி அடிக்கிறார்; எதிரில் நிற்பவர் எதுவும் செய்யத் தேவையில்லை, மட்டையை நிமிர்த்தி வைத்தாலே போதும், அடித்தவரின் வேகமே அவருடைய காலடிக்குத் திரும்பி வருகிறது. இந்த ஆட்டம் மட்டுமே ஆடித் தேர்ந்தவர் அதே பந்தை மெல்லத் தூக்கி, வலையைத் தாண்டுமுன்னரே அதன் வளைவு உச்சம் தொட்டுவிடும்படியும் அப்பால் ஏழடிக்குள் இறங்கும்படியும் விடுகிறார். மூன்றாம் அடி டிராப் எனப்படும் இது சரியாக விழுந்தால் எதிரணி அதைக் கீழிருந்து மேலாகத்தான் எடுத்தாக வேண்டும், அந்த அவகாசத்தில் சர்வ் அணியும் முன்னே வந்துவிடுகிறது. புள்ளி பெறுவதற்காக அல்லாமல் வெறும் இடம் பெறுவதற்காக ஓர் அடியைச் செலவிடும் இந்த எண்ணம், எந்த விசையடியையும்விட, வேறு ஆட்டத்திலிருந்து வந்தவருக்குக் கடினமாக இருக்கிறது.

நால்வரும் கிச்சன் கோட்டுக்கு வந்த பின் தொடங்குவது டிங்க் என்னும் மென்தட்டல்களின் நெடும் பரிமாற்றம். இங்கே ஒரு டென்னிஸ்காரரை அருகிலிருந்து கவனிப்பது பயன் தரும். நான்காவது அல்லது ஐந்தாவது தட்டலில் பந்து வலைக்கு மேல் ஒரு சாண் கூடுதலாக எழுகிறது. அவர் கண் விரிகிறது, தோள் திரும்புகிறது, முழங்கை உடலைவிட்டு விலகி மட்டை இடுப்புக்குப் பின்னால் போகிறது, பின்னங்காலில் எடை ஏறுகிறது. இவையனைத்தும் பாடப் புத்தகத்தில் போடத்தக்க அளவுக்குச் செம்மையான அசைவுகள்தாம். ஆனால் மட்டை பின்னே போய் முன்னே வருவதற்குள் அந்த மென்பந்து மீண்டும் இறங்கிவிட்டிருக்கிறது, அடி வலையில் மோதுகிறது. அல்லது வலையைத் தாண்டினாலும், எதிரில் நிற்பவர் அந்தத் தோள் திரும்பியபோதே செய்தியைப் படித்துவிட்டு மட்டையை மார்புக்கு முன் தயாராக வைத்திருக்கிறார். இரு கிச்சன் கோடுகளுக்கும் இடையே 14 அடிதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு அந்தத் தொலைவைக் கடக்கக் கால் நொடியே போதும். அவ்வளவு நேரத்தில் பெரிய வீச்சுக்கு இடமில்லை. தேர்ந்தவரின் மட்டை ஒருபோதும் அவர் பார்வையைவிட்டுப் பின்னே செல்வதில்லை. தோளிலிருந்து சிறு அசைவு, உறுதியான மணிக்கட்டு, தளர்ந்த பிடி, அவ்வளவே.

பேட்மிண்டன் ஆட்டக்காரரின் கதை வேறு. சென்னை போன்ற நகரங்களில் அண்மை ஆண்டுகளில் காலி மனைகளிலும் மொட்டை மாடிகளிலும் எழுந்துள்ள வாடகைக் களங்களுக்கு வருகிறவர்களில் ஷட்டில் ஆடி வளர்ந்தவர்கள் நிறைய இருப்பதால், தமிழ்நாட்டில் இந்தக் கதைக்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. களத்தின் அளவு அவர்கள் காலுக்கு ஏற்கெனவே தெரியும். வலையருகே நடக்கும் மின்னல்வேகப் பரிமாற்றத்தில் அவர்களுடைய மணிக்கட்டுக்கு ஈடு கிடையாது. தலைக்கு மேல் வரும் பந்தை அவர்களிடம் தூக்கிக் கொடுப்பவர் உடனே வருந்துவார். ஆனால் தரையில் பட்டு எழும் பந்து என்ற ஒன்றே அவர்களுடைய அனுபவத்தில் இல்லை. எங்கே நின்றால் பந்து எந்த உயரத்துக்கு வரும் என்ற கணிப்பைச் சுழியிலிருந்து கற்க வேண்டியிருப்பதால், பின்கோட்டில் பந்துக்கு மிக நெருங்கி நின்று இடுக்கிக்கொள்கிறார்கள். இரட்டையர் ஆட்டத்தின் நிற்கும் முறையிலும் ஒரு பழக்கம் குறுக்கே வருகிறது. பேட்மிண்டனில் தாக்கும் இணை முன்னும் பின்னுமாக நிற்கும். பிக்கிள்பாலில் தாக்கும்போதும் தடுக்கும்போதும் இருவரும் தோளுக்குத் தோள் ஒரே கோட்டில் முன்னேறி ஒரே கோட்டில் பின்வாங்க வேண்டும். இணையர் ஓங்கி அடிக்கப்போகிறார் என்று கண்டதும் தன்னிச்சையாகக் குறுக்கே நகரும் பேட்மிண்டன்காரர் தாம் காக்க வேண்டிய பாதிக் களத்தைத் திறந்து விட்டுவிடுகிறார். தமிழகத்தின் சொந்த மட்டையாட்டமான பூப்பந்தில் ஊறியவர்களுக்கும் இதே நிலைதான். அந்த மஞ்சள் கம்பளிப் பந்தின் எடை 27 முதல் 30 கிராம், பிளாஸ்டிக் பந்தைவிடச் சற்றே கூடுதல் என்பதால் கையில் அதன் கனம் அந்நியமாகத் தெரியாது, ஆனால் தரையைத் தொட்ட பந்து செத்த பந்து என்று பழகிய கண்ணுக்கு அது மீண்டும் எழுவது ஓர் உபரிச் சலுகையாகவே தோன்றும்.

டேபிள் டென்னிஸ் ஆடியவர்கள் இவர்கள் எல்லோரையும்விடக் குறைவாக மறக்க வேண்டியவர்கள் என்று தோன்றுகிறது. குறுகிய வீச்சு, மட்டைமுகத்தின் சாய்வை மாற்றிச் சுழற்சியை ஆளும் நுட்பம், உடலுக்கு நேராக வரும் பந்தைப் பேக்ஹேண்டால் எதிர்கொள்ளும் வேகம் எல்லாம் அப்படியே பயன்படுகின்றன. இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த ஆண் ஆட்டக்காரராகப் பல ஆண்டுகள் கருதப்பட்ட பென் ஜான்ஸ் டென்னிஸோடு டேபிள் டென்னிஸும் ஆடி வளர்ந்தவர் என்பது தற்செயல் அன்று. ஸ்குவாஷ்காரர்களுக்கோ தாழ்ந்த பந்தை வெட்டியடிப்பது கைவந்த கலை. அவர்களுடைய சிறு ரப்பர் பந்தின் எடையும் ஏறக்குறைய 24 கிராம்தான்.

முன்னேற்றம் என்று பார்க்கும்போது, இத்தகையவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு தங்கள் பலத்தை மேலும் பயிற்சி செய்வதுதான். ஏற்கெனவே வலுவான ஃபோர்ஹேண்டை இன்னும் வலுவாக்குவதால் இடைநிலை ஆட்டக்காரர்களிடம் இன்னும் சில வெற்றிகள் கிடைக்கும். அதன்பின் தரம் ஓர் இடத்தில் நின்றுவிடும். அதைத் தாண்ட உதவுவது ரீசெட் எனப்படும் தணிப்படி. களத்தின் நடுப்பகுதியில் அகப்பட்டுக்கொண்டவர், தம்மை நோக்கி விசையோடு வரும் பந்தின் வேகத்தை உறிஞ்சி, அதை எதிர்க் கிச்சனுக்குள் உயிரற்று விழச்செய்வதே இது. பிடியின் இறுக்கத்தைப் பத்துக்கு மூன்று அல்லது நான்கு என்ற அளவில் வைக்குமாறு பயிற்சியாளர்கள் சொல்வது இதற்காகத்தான். நரம்பில்லாத பலகை பந்தின் வேகத்தை வாங்கிக்கொள்ளாது, எனவே அந்த வேலையை விரல்கள் செய்தாக வேண்டும். டிங்க் பயிற்சியையும் நேருக்கு நேர் செய்வதைவிடக் குறுக்காகச் செய்வது நல்லது. கிச்சன் கோட்டின் ஒரு மூலையிலிருந்து எதிர்க் கோட்டின் குறுக்கு மூலைக்குள்ள தொலைவு 24 அடிக்குச் சற்று மேல், வலையும் நடுவில் இரண்டு அங்குலம் தாழ்வு. பிழைக்கு அங்கே அதிக இடம் இருக்கிறது. போட்டியாட்டத்தையே பயிற்சி என்று நினைப்பவர்கள் பல மாதங்களில் பெறாததை, நாள்தோறும் கால்மணி நேரம் இதை மட்டும் செய்கிறவர்கள் பெற்றுவிடுவது எந்தக் களத்திலும் காணக்கூடியதே.

இத்தனைக்கும், கற்றுக்கொள்வது ஒரு பக்கம் மட்டும் நடப்பதில்லை. வந்து சேர்ந்தவர்கள் ஆட்டத்தையும் மாற்றியிருக்கிறார்கள். 2014-இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றவரும் 2017-இல் ஒற்றையர் உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை சென்றவருமான ஜாக் சாக் 2023-இல் டென்னிஸை விட்டுவிட்டு இங்கே வந்தார். 2014-இல் விம்பிள்டன் பெண்கள் இறுதியாட்டம் ஆடிய யூஜெனி பூஷார்டும் 2024 முதல் தொழில்முறைப் போட்டிகளில் இறங்கினார், ஆனால் பழைய பெயர் அவருக்குத் தொடக்க வெற்றிகளை எளிதாக்கித் தரவில்லை. டென்னிஸின் இருகைப் பேக்ஹேண்ட் இன்று மேல்நிலை ஆட்டத்தில் சாதாரணக் காட்சி. டிங்கிலேயே மேற்சுழற்சி ஏற்றுகிறார்கள். மூன்றாவது பந்தை முதலில் ஓங்கி அடித்து, அதனால் தடுமாறும் பதிலை ஐந்தாவது அடியில் மென்மையாக இறக்குவதும் வழக்கமாகிவிட்டது. கரடுமுரடான கார்பன் முகப்புடைய மட்டைகள் இதற்குத் துணைநின்றன. பந்தை மட்டையிலும் விரல்களிலும் தேய்த்துச் சுழலவிட்டுச் சர்வ் செய்யும் உத்திகள் பெருகியபோது, 2022-இலும் 2023-இலும் அடுத்தடுத்த விதித்திருத்தங்களால் அமெரிக்கப் பிக்கிள்பால் அமைப்பு அவற்றைத் தடுத்துவிட்டது. சர்வே ஆட்டத்தை முடித்துவைக்கும் நிலை வந்தால் இந்த விளையாட்டின் இயல்பே போய்விடும் என்பதால், இது சரியான முடிவு என்றே கொள்ள வேண்டும். டென்னிஸ் உலகத்தின் கவலை வேறு வகையானது. ஒரு டென்னிஸ் களம் இருக்கும் இடத்தில் நான்கு பிக்கிள்பால் களங்கள் அமையும்; மன்ற அளவில் டென்னிஸ் ஆபத்தில் இருக்கிறது என்று நோவாக் ஜோகோவிச் 2024 விம்பிள்டனின்போது எச்சரித்தார்.

இரண்டையும் விடாமல் ஆடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் டென்னிஸ் களத்துக்குத் திரும்பும் நாளில், நீண்ட மட்டையும் கனத்த பந்தும் முதல் அரைமணி நேரம் அந்நியமாகத் தெரிகின்றன. வீச்சு குறுகிப்போயிருக்கிறது, பந்து மட்டையில் தாமதமாகப் படுகிறது, துள்ளி எழும் உயரம் கணிப்பைத் தாண்டிவிடுகிறது. வலையருகே மட்டும் நிலைமை வேறாக இருக்கிறது. தம் உடலை நோக்கி அடிக்கப்படும் பந்தை முன்பெல்லாம் முகம் திருப்பி விலகவிட்டவர்கள், இப்போது மட்டையை மார்புக்கு முன் வைத்து அதை நிறுத்தி, எதிர்ப்பக்கத்தில் ஆளில்லாத இடத்தில் மெதுவாக இறக்கிவிடுகிறார்கள். அங்கே முன்னேறிச் சென்று அடிக்கவிடாமல் தடுக்க ஏழடிக் கோடும் கிடையாது.