செங்கல் சுமந்த பக்தி

‘பக்தபூர்’ என்றால் பக்தர்களின் நகரம். நேபாளத் தலைநகரான காத்மாண்டுவிலிருந்து கிழக்கே சுமார் 13 கி.மீ. தொலைவில் உள்ள இந்நகரம், மல்ல மன்னர்கள் வீற்றிருந்து ஆண்ட தொன்மையான தலைநகரங்களுள் ஒன்று. காத்மாண்டு பள்ளத்தாக்கில் நடைபெற்ற இலவசக் கண் சிகிச்சை முகாம் ஒன்றில் தொண்டாற்றச் சென்றிருந்த எங்களுக்கு, ஓய்வு நாளில் இந்நகரைத் தரிசிக்கும் பேறு கிட்டியது.

செங்கல் பாவிய குறுகிய வீதிகளைக் கடந்து தௌமதி சதுக்கத்தை அடைந்தால், வானளாவ நிற்கிறது நியாதபோலா ஆலயம். ‘ஐந்து அடுக்கு’ என்பதே நேவாரி மொழியில் இப்பெயருக்குப் பொருள். ஐந்து நிலை மேடை. அதன்மேல் ஐந்து அடுக்குக் கூரை. உயரம் ஏறத்தாழ 30 மீட்டர். மன்னர் பூபதீந்திர மல்லர் 1702-ஆம் ஆண்டில் சித்தி லட்சுமிக்கு எழுப்பிய திருக்கோயில் இது.

படிகளின் இருமருங்கிலும் ஐந்து இணைக் காவலர்கள் வீற்றிருக்கின்றனர். அடியில் மல்லர்கள் இருவர். அவர்கள் சாதாரண மனிதரைவிடப் பத்து மடங்கு வலிமை பெற்றவர்கள். அவர்களினும் பத்து மடங்கு யானைகள், அவற்றினும் சிங்கங்கள், அடுத்து நம் யாளியை நினைவூட்டும் விலங்குகள், அதற்கும் மேல் பாகினி, சிங்கினி என்னும் தேவியர். இத்தனை வலிமைக்கும் மேலான பெருஞ்சக்தியாக அன்னை உள்ளே எழுந்தருளியிருக்கிறாள். அருகிலுள்ள ஆலயத்தில் உறையும் பைரவரின் உக்கிரத்தைத் தணிக்கவே அவரினும் ஆற்றல் மிக்க தேவியை இங்கே பிரதிஷ்டை செய்தனர் என்பது ஐதிகம்.

கருவறைக்குள் அர்ச்சகர் மட்டுமே செல்லலாம். மூடிய கதவின் முன் நின்று கைகூப்பிவிட்டு மனநிறைவோடு திரும்புகின்றனர் ஊர் மக்கள். கண்ணால் காணாத அன்னையிடம் அவர்கள் கொண்ட நம்பிக்கை நம்மை வியக்க வைக்கிறது.

ஆலயத் திருப்பணி தொடங்கியபோது மன்னரே மூன்று செங்கற்களைச் சுமந்து வந்தார் என்றும், அதைக் கண்ட குடிமக்கள் தேவையான பொருள்கள் அனைத்தையும் சில நாள்களிலேயே சுமந்து குவித்தனர் என்றும் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. அந்தக் கோயில் 1934-ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்தையும், 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நேர்ந்த பூகம்பத்தையும் தாங்கி நின்றது. மேல் அடுக்கில் சேதம் ஏற்பட்டபோதும் ஆலயம் சாயவில்லை. அகன்ற அடித்தளம், மேலே செல்லச் செல்லக் குறுகும் அமைப்பு, அதிர்வுக்கு ஏற்ப அசைந்து கொடுக்கும் மரச்சட்டங்கள் ஆகியவையே காரணம் என்கின்றனர் அறிந்தோர்.

சற்றுத் தொலைவில், அரண்மனைச் சதுக்கத்திலிருந்த வத்சலா துர்க்கையின் கற்கோயிலோ 2015-இல் முற்றிலும் சரிந்தது. நாம் காண்பது மீண்டும் எழுப்பப்பட்ட ஆலயம். நகராட்சியும் ஊர் மக்களும் கைகோத்து இப்பணியை நிறைவேற்றினர். ஊதியம் கருதாது உடலுழைப்பை ஈவதை அங்கே ‘சிரமதானம்’ என்கின்றனர்.

அக்கோயிலின் படியில் விளக்கேற்றிக் கொண்டிருந்த மூதாட்டி ஒருவருடன் இந்தியில் பேச வாய்த்தது. நேபாளத்தில் தாயை ‘ஆமா’ என்று அழைப்பர். “பூகம்பத்தில் உங்கள் வீடு தப்பியதா, ஆமா?” என்று கேட்டோம்.

“என் வீடும் விழுந்தது, தேவியின் வீடும் விழுந்தது. இங்கே செங்கல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய், அங்கே என் சுவருக்கு மண் குழைத்தேன். இருவரும் சேர்ந்தே எழுந்தோம், மகனே” என்றார் அவர்.

நாடு கடந்து தொண்டு செய்ய வந்தோம் என்று எங்கள் உள்ளத்தில் இருந்த சிறு பெருமிதம் அந்தச் சொற்களின் முன் அடங்கிற்று. தன் கூரை விழுந்த வேளையிலும் தெய்வத்தின் கூரைக்குக் கைகொடுத்தவரன்றோ அவர்! உழவாரப் படையேந்தி ஆலயந்தோறும் புல் செதுக்கிய திருநாவுக்கரசர் பெருமானின் நெறி, மொழி வேறான அந்த மலைநாட்டு மூதாட்டியிடமும் குடிகொண்டிருந்தது. மன்னர் சுமந்த மூன்று செங்கல்லுக்கும் அவர் எடுத்துக் கொடுத்த செங்கல்லுக்கும் அன்னையின் சந்நிதியில் ஏற்றத்தாழ்வு ஏது?

பக்தபூர் செல்வோர் நகரின் கீழ்ப்பகுதியிலுள்ள தத்தாத்ரேயர் ஆலயத்தையும், வடக்கே குன்றின்மீது கி.பி. 464-ஆம் ஆண்டுக் கல்வெட்டுடன் விளங்கும் சாங்கு நாராயணர் ஆலயத்தையும் தவறாது தரிசிக்க வேண்டும். ஏப்ரல் மாதத்தில், நேபாளப் புத்தாண்டையொட்டி நிகழும் பிஸ்கெட் விழாவில், மேலூராரும் கீழூராரும் பைரவரின் தேரைத் தத்தம் பக்கம் வடம்பிடித்து இழுக்கும் காட்சி கண்கொள்ளாதது.

நம் ஊர்க் கோயிலிலும் உழவாரப் பணி நடைபெறும் நாள் உண்டு. குடும்பத்தோடு சென்று ஒரு கூடை மண்ணேனும் சுமப்போம். அன்னை அதனை உவந்து ஏற்பாள்.