மழை விட்ட மறுநாள்

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள். திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து பாறையும் சேறும் சரிந்து வீட்டை மூடியதில், ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13 கார்த்திகை தீபத்துக்கு அந்த வருடம் பக்தர்களை மலையேற விடவில்லை.

அதில் மனம் நொந்தவர்களில் ரமணாசிரமம் பக்கம் குடியிருக்கும் ஒரு தாத்தாவும் உண்டு. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ரமணர் 1916 முதல் 1922 வரை வாழ்ந்த ஸ்கந்தாசிரமத்துக்கு, ஆசிரமத்தின் பின்பக்கப் பாதையில் வெறுங்காலோடு ஏறி இறங்குவது அவருக்கு வாக்கிங் மாதிரி. மலையே சிவன் என்கிற ஊரில் மலையைக் கண்டு பயப்படு என்றால் யார் கேட்பார்கள்?

பேரன் சொன்னான். உத்தரகாசியில் மலையேற்றப் பயிற்சி முடித்து வந்தவன். ஐப்பசி அடைமழை வெறித்த ஒரு காலையில், கிளம்பிய தாத்தாவை வாசலிலேயே மறித்தான்.

"இன்னிக்கு வேணாம் தாத்தா."

"அதான் மழை விட்டுடுச்சேடா!"

"வானத்துல விட்டுடுச்சு. மண்ணுக்குள்ள விடலையே."

இமயத்திலும் இதே கதைதான் என்றான். இறுகிய பழைய பனி. அதன்மேல் சர்க்கரை மாதிரி ஒட்டாத ஓர் அடுக்கு. அதற்கும் மேலே புதுப்பனியின் பாரம். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் நடக்கின்றன; அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி அதிகம் சேராமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். பெரும்பனி கொட்டி ஓய்ந்து, வானம் பளிச்சென்று இருக்கும் முதல் ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து அதிகம். ஆட்கள் சிக்கும் சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிடுவது அவர்களுடைய காலடியோ, கூட வந்தவர்களின் காலடியோதான். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்புறம் அது மளமளவென்று குறைந்துவிடும். 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டா சிகரத்துக்குப் போன பயிற்சிக் குழுவில் 27 பேர் பனிச்சரிவில் மாண்டார்கள். விவரம் தெரிந்தவர்களோடு போனவர்கள்தான் அவர்களும்.

"நம்ம ஊர்ல பனி ஏதுடா?"

"பனிக்குப் பதிலா பாறை இருக்கே தாத்தா."

நியாயமான பதில்தான். பாறைமேல் மெல்லிய மண். நாள்கணக்கில் மழை பெய்தால் மண் ஊறி, இடுக்குகளில் நீரின் அழுத்தம் ஏறி, பிடிமானம் போய்விடும். அதில் உட்கார்ந்திருக்கும் குண்டுக்கல் எப்போது நகரும் என்று மேலே பார்த்தால் தெரியாது. தரையில் புது வெடிப்பு, ஓடைத் தண்ணீர் திடீரென்று செம்மண்ணாகக் கலங்குவது, மரம் சாய்வது, சின்னக் கற்கள் உருளும் சத்தம் இவற்றில் எதைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டும்.

அன்று தாத்தா போகவில்லை. கோபத்தில் காபியும் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் வெயில் ஏறியபின், பேரனையும் இழுத்துக்கொண்டுதான் போய்வந்தார்.

இப்போதும் வெளியூர்க்காரர்கள் அவரிடம் ஸ்கந்தாசிரமத்துக்கு வழி கேட்பார்கள். கை காட்டுவதற்கு முன்னால் அவர் கேட்பது ஒன்றுதான்: "நேத்து ராத்திரி இங்க எவ்ளோ மழைன்னு தெரியுமா தம்பி?"