சேமவச்சு

மோட்டார் வண்டியின் பழுதைக் குறித்துக் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் கட்டுரை வரைவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் வண்டி பழுதுறும் செய்தி நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. தகடூர் என்று முன்னாளில் வழங்கிய தருமபுரியை ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய செய்யுளொன்று புறநானூற்றில் 102-ஆவது பாட்டாக அமைந்துள்ளது. பாரம் மிகுந்த வண்டியை மேடும் பள்ளமுமான வழியில் ஓட்டிச் செல்லும் உப்பு வணிகர், அச்சு முறிந்தால் என் செய்வதென்று முன்னரே எண்ணி, வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சைக் கட்டி வைப்பராம். அதற்குச் சேமவச்சு என்று பெயர். அவ்வச்சுக்கே அரசிளங்குமரனை ஒப்பிட்டார் ஔவையார். மாணவப் பருவத்தில் இப்பாட்டை நெட்டுருச் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். எனினும் அதன் பொருள் என் உள்ளத்திற் பட்டது, 2011-ஆம் ஆண்டு மே மாதத்தில், பென்னாகரம் சாலையோரத்துப் பட்டறையொன்றில் நின்றபோதுதான்.

அப்பொழுது என் அன்னையாருக்குக் கண்ணில் சத்திர சிகிச்சை செய்வதற்கு மதுரையில் நாள் குறித்திருந்தார்கள். என் தமக்கையார் அங்கு வசிப்பதால் அவ்வூரையே அன்னையார் விரும்பினார்கள். தருமபுரியிலிருந்து சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர். என்னிடம் இருந்ததோ 14 ஆண்டுகள் உழைத்த மாருதி 800. நெடுவழி செல்லுமுன் அதன் டைமிங் பெல்ட்டை மாற்றிவிடுவது நலமென்று நண்பரொருவர் கூறினார். தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் எந்திரம் நின்றுவிட்டால் விளையும் அபாயத்தை எண்ணி யானும் இசைந்தேன். பயணத்துக்கு இரண்டு நாட்களே இருந்தன.

இந்தப் பெல்ட் யாதென்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான நிக்கோலாஸ் ஓட்டோ என்பார் செப்பஞ்செய்த நான்கு வீச்சு எந்திரமே இன்றைய பெட்ரோல் வண்டிகளின் மூதாதை. காற்றும் எண்ணெய் ஆவியும் உட்புகுதல், நெருக்குண்ணல், எரிதல், புகை வெளியேறுதல் என்னும் நான்கும் முடிவதற்குள் கீழுள்ள கிராங்க்குத் தண்டு இருமுறை சுழலும். வால்வுகளைத் திறக்கும் காம் தண்டோ ஒருமுறையே சுழலும். இவ்விரண்டையும் கணக்குத் தவறாமல் பிணைத்து நிற்பதே டைமிங் பெல்ட். அம்பாசடர் முதலிய வண்டிகளின் பழைய எந்திரங்களில் இவ்வேலையை இரும்புச் சங்கிலி செய்தது. 1962-இல் ஜெர்மனியில் வெளிவந்த கிளாஸ் என்னும் காரில் பல்வைத்த ரப்பர்ப் பெல்ட் புகுந்தது. அது சத்தமின்றி உழைக்கும், எண்ணெயும் வேண்டாதது, ஆனால் ஆயுள் குறுகியது. வண்டிக்கு ஏற்ப 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவது பொதுவான வழக்கம்.

பட்டறையில் பெரிய மேஸ்திரி வெளியூர் சென்றிருந்தார். இருபது வயதுடைய இளைஞன் ஒருவனே வேலை செய்தான். கை சுறுசுறுப்புள்ளவன், நல்ல குணமுள்ளவன். யானோ அரைமணிக்கு ஒருமுறை அவன் எதிரே போய் நின்று, “முடிந்ததா, தம்பி? மாலைக்குள் வண்டி வேண்டும்” என்று நெருக்கிக்கொண்டே இருந்தேன். ஐந்து மணியளவில் புதுப்பெல்ட் பூட்டி மூடியும் போட்டாயிற்று. சாவியைத் திருப்பினான். எந்திரம் சுழன்றது, ஆனால் உயிர் பெறவில்லை. மீண்டும் திருப்பினான். கார்ப்புரேட்டரின் வாயில் ‘டப்’பென்று ஓர் ஓசை எழுந்து அடங்கியது.

அதன்பின் நடந்ததை எண்ணினால் இன்றும் நாணமுறுகிறேன். பாட்டரி சோர்ந்ததென்று வேறு பாட்டரி கொணர்வித்தேன். ஸ்பார்க் பிளக்குகளைக் குறை கூறிப் புதியன வாங்கி வந்தேன். பெட்ரோல் பம்பு கெட்டிருக்குமென்றேன். பிளக்கைக் கழற்றி இரும்பில் வைத்துப் பார்த்தால் பொறி பளிச்சென்று தெறித்தது. எண்ணெயும் தடையின்றி வந்தது. எனினும் “இன்னொரு முறை திருப்பு, இன்னொரு முறை” என்று யானே ஏவினேன். இருள் சூழ்ந்தது. “தெரியாத வேலையில் ஏன் கை வைத்தாய்? என் தாயாரின் கண் சிகிச்சை உன்னால் கெட்டது” என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். பையன் பதில் பேசவில்லை. கையிலிருந்த பழந்துணியால் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

மறுநாள் விடியலில் பெரிய மேஸ்திரி வந்தார். அறுபதைக் கடந்தவர். மூடியைத் திறக்குமுன், சாவியை ஒரு கணமே திருப்பச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார்.

“போதும், வாத்தியார் ஐயா. இனிச் சாவியைத் தொட வேண்டாம். எந்திரம் சுழலும்போது ‘உம், உம்’ என்று மூச்சுப் பிடித்துச் சுழல வேண்டும். இது காற்றுப் போன துருத்தியைப்போல் லேசாகச் சுற்றுகிறது. எண்ணெயும் உண்டு, நெருப்பும் உண்டு, வேளைதான் தப்பிவிட்டது” என்றார்.

பின்னர் என்னை நோக்கி, “நேற்றுக் காலையில் வண்டி ஓடிற்றா?” என்று வினவினார்.

“ஓடிற்று” என்றேன்.

“இடையில் நாம் கை வைத்தது எந்த இடம்?”

“பெல்ட்.”

“அப்படியானால் அங்கேயல்லவா முதலிற் பார்க்க வேண்டும்? பாட்டரியும் பம்பும் என்ன பாவம் செய்தன?”

யான் வாயடைத்து நின்றேன்.

பிளக்குகளைக் கழற்றினார். கிராங்க்குத் தண்டின் முனையிலுள்ள போல்ட்டில் ஸ்பானரைப் பூட்டி, கையாலேயே மெல்லச் சுழற்றிக் கீழ்க்குறியை அதன் இடத்தில் நிறுத்தினார். மேற்சக்கரத்தின் குறியோ தன் இடத்தினின்றும் இரண்டு பல் விலகி நின்றது. பழைய பெல்ட்டைக் கழற்றியபோது வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தால் காம் தண்டு தானாகச் சிறிது நகர்ந்துவிட்டதை அவசரத்தில் பையன் கவனிக்கவில்லை. இரண்டு பல் என்பது அற்பமன்று. நாற்பது பல்லுள்ள சக்கரமாயின் ஒரு பல்லுக்கு 9 பாகை. இரண்டு பல்லுக்கு 18 பாகை. கிராங்க்குத் தண்டின் கணக்கில் அது 36 பாகையாகும். வால்வு மூடவேண்டிய சமயத்தில் திறந்து கிடந்தால் நெருக்கம் எங்ஙனம் உண்டாகும்?

“சில எந்திரங்களில் இப்படி வேளை தப்பிய நிலையில் சாவியைத் திருப்பினால், மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதி அதை வளைத்துவிடும். பிறகு தலைப்பாகம் முழுவதையும் கழற்ற வேண்டியதுதான்” என்றார் மேஸ்திரி. “இன்னொரு முறை” என்று முந்தின மாலை யான் கூவியதெல்லாம் அப்பொழுது என் காதில் ஒலித்தது. கெடுக்க முயன்றவன் பையனல்லன்; யானே.

இறுக்கும் உருளையைத் தளர்த்தி, குறிகளைப் பொருத்தி, பெல்ட்டைப் பையனையே பூட்டச் செய்தார். “இப்பொழுது கையால் இரண்டு முழுச் சுற்று” என்றார். காம் தண்டு ஒரு முழுச் சுற்று வந்து சேருவதற்கு அவ்விரண்டும் வேண்டும். நடுவில் எங்கேனும் தட்டினால் கைக்கே தெரிந்துவிடும். தட்டாமல் வந்து குறிகள் மீண்டும் பொருந்தினால் அச்சமில்லை. பையன் மூச்சடக்கிச் சுழற்றினான். இரண்டாம் சுற்றின் முடிவில் மேலும் கீழும் குறிகள் நேர் நின்றன. பிளக்குகளைப் பூட்டிச் சாவியைத் திருப்பியதும், முதல் முயற்சியிலேயே எந்திரம் முழங்கிற்று.

“இந்த இரண்டு சுற்றை நேற்று ஏன் விட்டாய்?” என்று மேஸ்திரி கேட்டார். பையன் என்னை ஒருமுறை பார்த்தான். பின், “மறந்துவிட்டேன், ஐயா” என்று கூறித் தலைகுனிந்தான். அரைமணிக்கு ஒருமுறை வந்து நெருக்கிய மனிதரைக் காட்டிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவ்வளவு பெருந்தன்மை முந்தின நாள் எனக்கு இல்லாமற் போயிற்று. “நான்தான் அவனை மறக்கச் செய்தேன்” என்று மேஸ்திரியிடம் உள்ளதைச் சொல்லி, அவன் கையைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். முதலில் கையை இழுத்துக்கொண்டான்; பிறகு சிரித்தான்.

மறுநாட் காலையில் தொப்பூர் இறக்கத்தை இனிது கடந்து மாலையில் மதுரை சேர்ந்தோம். சிகிச்சையும் குறித்த நாளில் நிறைவேறியது. கட்டவிழ்த்த அன்று அன்னையார் என் முகத்தை உற்றுப் பார்த்து, “நரை கண்டுவிட்டதே, அப்பா” என்றார்கள்.

உப்பு வணிகர் அடிமரத்தில் வேறோர் அச்சைக் கட்டிச் சென்றனர். நம் எந்திரத்தில் மற்றொரு பெல்ட்டைக் கட்டி வைக்க இயலாது. வேலை முடிந்தபின் கையால் சுழற்றிப் பார்க்கும் அவ்விரண்டு சுற்றுகளே அதற்குச் சேமவச்சு. அவற்றுக்குச் செலவாவது சில நிமிடங்களே. ஆசிரியத் தொழில் புரியும் யான், அன்று முதல், விடைத்தாளை அவசரமாக நீட்டும் மாணவனிடம், “தம்பி, அமர்ந்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடு” என்று சொல்லி வருகிறேன். அவனை நெருக்காமலிருக்க யானும் கற்று வருகிறேன்.