பாட்டனார் கத்தி

பழைய மடக்குக் கத்திகளைச் சேர்ப்பது குருவானவருக்கு அழகா என்று என்னைக் கேட்டவர் உண்டு. குருமடத்தில் பென்சில் சீவ வாங்கிய ஒன்றில் தொடங்கிய ஆசை இது. இன்று பதினொரு கத்திகள் என்னிடம் உள்ளன. பெரும்பாலானவை பழைய இரும்புக் கடைகளில் கிடைத்தவை.

கத்தியின் வயதை அறிய முதலில் நோக்க வேண்டியது கைப்பிடியையன்று. அலகின் அடியில் பொறித்த முத்திரையை. விண்மீனும் மால்டா சிலுவையும் ஷெபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் அடையாளம். ஊர்ப்பெயருடன் ‘இங்கிலாந்து’ என்றும் இருப்பின், பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் வேண்டுமென அமெரிக்கா சட்டம் செய்த பின்னரே அவ்வழக்கம் பரவிற்று. மாங்காய் நறுக்கினாலும் கறுக்காத அலகோ அதனினும் பிந்தியது. துருப்பிடிக்காத எஃகை ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913இல். உப்புத்தாள் கொண்டு தேய்ப்போர் முத்திரையையே அழித்துவிடுகின்றனர்; நானும் ஒன்றை அவ்வாறு கெடுத்தவனே.

என் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் பட்டுத்துணியில் பொதிந்த கத்தியொன்றைக் கொண்டுவந்தார்.

“தோத்திரம் சாமி. 1895இல் பிரெஞ்சு சாமியார் என் பாட்டனாருக்குக் கொடுத்தது. பங்கு மலரில் போட வேண்டும்.”

பிரான்சு நாட்டு லாகியோல் வகைக் கத்தி அது. கைப்பிடியில் சிறு ஆணிகள் சிலுவை வடிவில் பதிந்திருந்தன. கோவிலுக்கு எட்டாத மலை மேய்ச்சல் நிலங்களில், இடையர்கள் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி அச்சிலுவையின் முன் செபிப்பார்கள் என்பது அப்பகுதியினர் கூறும் கதை. ஆவலோடு அலகைத் திறந்தேன். ‘இனாக்ஸ்’ என்றிருந்தது. துருப்பிடிக்காத எஃகுக்குப் பிரெஞ்சுக்காரர் இடும் குறி. 1895இல் அவ்வெஃகே இல்லை.

“நல்ல கத்தி” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எட்டாம் கட்டளையைச் சிறுவர்க்குக் கற்பிக்கும் நான், பொய் அச்சேற உடந்தையாவதா? எண்பது வயதுக்காரரின் பெருமையைப் பறிப்பதும் எனக்குத் தகுமா? மறுநாள் அவர் வீட்டிற்கே சென்று சொன்னேன்.

நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

“அப்படியானால் பழையதை அப்பாதான் தொலைத்திருப்பார், சாமி. பாட்டனாருக்குப் பயந்து பாண்டிச்சேரியில் வேறொன்று வாங்கி வைத்திருப்பார்.”

புதுவையில் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி இருந்தது, நடந்திருக்கக் கூடியதே.

மலருக்கு வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார். அலகு மழுங்கியிருந்ததால் சாணைக்கல்லில் தீட்டிக் கொடுத்தேன். பட்டுத்துணியை ஒதுக்கிவிட்டு, அக்கத்தியாலேயே ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கி முதல் துண்டை என்னிடம் நீட்டினார்.