கூண்டுச் சுவரில் ஒரு ஜன்னல்

'ரைஸ் ஆஃப் தி பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தை நினைத்தால், கோல்டன் கேட் பாலத்துச் சண்டை எனக்கு ஞாபகம் வருவதில்லை. காப்பகத்துக் கூண்டின் சுவரில் சீசர் என்ற சிம்பன்சி வரைந்த ஜன்னல்தான் வரும். சான் பிரான்சிஸ்கோ வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அவன் தெருவை வேடிக்கை பார்த்த ஜன்னல் அது. அதைப் பிறகு அவனே அழித்தும் விடுகிறான். சீசராக நடித்தவர் ஆண்டி செர்கிஸ். அவர் முகத்தின் ஒவ்வொரு அசைவையும் கணினியில் சிம்பன்சி முகமாக்கினார்கள். ஒரு நிஜ மனிதக்குரங்கைக்கூடப் படப்பிடிப்புக்குக் கொண்டுவரவில்லை. இப்படியொரு கதையை எடுக்க அதுதான் நேர்மையான வழி என்று இன்றும் நினைக்கிறேன்.

அது 2011. ஜேம்ஸ் மார்ஷின் 'புராஜெக்ட் நிம்' ஆவணப்படமும் அதே ஆண்டுதான் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததாலோ என்னவோ, சீசரை நினைத்தால் நிம்மும் கூடவே வந்து நிற்கிறான். நிம் 1973இல் ஒக்லஹோமாவில் பிறந்த சிம்பன்சி. தாய்க்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு, பிறந்து சில நாளே ஆன குட்டியைப் பிரித்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். மனிதக் குழந்தையைப் போல வளர்த்தால் சிம்பன்சி சைகை மொழியில் பேசுமா என்பது கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்பர்ட் டெரஸின் கேள்வி. மன்ஹாட்டனில் பிள்ளைகள் நிறைந்த ஒரு வீட்டில் சட்டை போட்டுக்கொண்டு வளர்ந்தான் நிம். நூற்றுக்கும் மேற்பட்ட சைகைகள் பழகினான். வளர வளரக் கடிக்கவும் செய்தான். 1977இல் ஆய்வு முடிந்தது. அவனைப் பிறந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். தன் இனத்தோடு பழகியே இராதவன், கூண்டில் மற்ற சிம்பன்சிகளைப் பார்த்து மிரண்டான். நிம் செய்தது மொழியல்ல, ஆசிரியர்களைப் பார்த்துச் செய்த நகல் என்று 1979இல் டெரஸ் எழுதினார். 1982இல் அவனை நியூயார்க்கிலிருந்த ஒரு மருத்துவ ஆய்வகத்துக்கு விற்றுவிட்டார்கள். தடுப்பூசிகளைச் சோதிக்கும் இடம் அது.

கல்லூரியில் தவளை அறுத்தது இந்த இடத்தில் தவறாமல் நினைவுக்கு வரும். மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நான்கு கால்களிலும் குண்டூசி குத்தியிருப்போம். அறை முழுக்கக் குளோரோஃபார்ம் வாடை. வயிற்றுத் தோலைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டி விலக்கினால் உள்ளே இதயம் துடித்துக்கொண்டே இருக்கும், பட்டாணி அளவில். அதை ரெக்கார்டு நோட்டில் வரைந்து, மூன்று அறைகளுக்கும் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அது இன்னும் துடிக்கிறதே என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்தவர் இரக்கமில்லாதவர் இல்லை, நாங்களும் இல்லை. தவளைக்கு வாய்விட்டுக் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சினிமாவும் இங்கேதான் தடுமாறுகிறது. 1968இல் வந்த முதல் 'பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தில் ஸீரா என்ற சிம்பன்சி விஞ்ஞானி மனிதர்களைக் கூண்டில் வைத்து ஆராய்கிறாள். தொண்டையில் காயம்பட்டுப் பேச முடியாமல் கிடக்கும் கதாநாயகன் சார்ல்டன் ஹெஸ்டனுக்கு 'பிரைட் ஐஸ்' என்று பெயர் வைக்கிறாள். 2011 படத்தில் சீசரின் தாய்க்கும் அதே பெயர். ஹெஸ்டன் வாய் திறந்து பேசியதும் குரங்குக் கூட்டம் திகைத்து நிற்கிறது. சீசர் ஒரே ஒரு சொல்லைக் கத்தியதும் காப்பகமே உறைகிறது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் அவன் பேசுவதற்கு முன்னாலும் காப்பகக் காவலனின் மின்கோல் அவன்மேல் பட்டுக்கொண்டுதான் இருந்தது. வலி அப்போதும் அதே வலிதானே?

டான் புளூத்தின் 'தி சீக்ரெட் ஆஃப் நிம்' (1982) கார்ட்டூனில் (சிம்பன்சி நிம்முக்கும் இதற்கும் தொடர்பில்லை) எலிகள் ஊசிமருந்தால் அறிவு வளர்ந்து, எழுத்துக் கூட்டிப் படித்து, கூண்டைத் திறந்துகொண்டு தப்பிக்கின்றன. படிக்கத் தெரியாத எலி என்ன செய்யும்? ஆய்வுக்கென்றே வளர்க்கும் எலியும் சுண்டெலியும் பறவையும் அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டப்படி விலங்குகளே அல்ல. 2002இல் வந்த திருத்தம் அப்படிச் சொல்கிறது. சிம்பன்சிகளுக்கு மட்டும் ஒரு வழி பிறந்தது. அவற்றை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலானவை தேவையற்றவை என்று 2011 டிசம்பரில் ஒரு நிபுணர் குழு சொன்னது. 2015இல் அமெரிக்க அரசு அவற்றுக்கு நிதி தருவதை நிறுத்தியது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் நம் குழந்தைகளுக்குப் போடும் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியும் சிம்பன்சிகள்மேல் சோதிக்கப்பட்டு வந்ததுதான். அந்தக் கடனை மறைத்துவிட்டு இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நிம்மை அந்த மருத்துவ ஆய்வகத்திலிருந்து மீட்க ஊரே குரல் கொடுத்தது. டெக்சாஸில் ஒரு விலங்குப் பண்ணைக்குப் போய், 2000இல், 26 வயதில் இறந்தான். ஒக்லஹோமாவில் சைகை பழகி, பின்பு அதே ஆய்வகத்துக்குப் போன இன்னொரு சிம்பன்சி பூயி. ஹெப்படைடிஸ் சி கிருமியை அவன் உடம்பில் ஏற்றியிருந்தார்கள். அவனோடு முன்பு பழகிய ரோஜர் ஃபவுட்ஸ் பல ஆண்டுகள் கழித்து, 1995இல் தொலைக்காட்சிக் கேமராவோடு போனார். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து பூயி அவரை அடையாளம் கண்டு, பழைய செல்லப்பெயரைச் சைகையில் சொன்னான். நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் மக்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டே அவனை விடுவித்தார்கள். அந்த ஆய்வகம் 1997இல்தான் மூடப்பட்டது. ஒரு சைகையும் தெரியாத சிம்பன்சிகள் பல அதுவரை அங்கேயே இருந்தன.